தாழ்ப்பாள் டீச்சர் போட்ட போன்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் தாழ்ப்பாள். இரண்டாவது மணி அடித்து ஓய்ந்ததும் பத்தாம் வகுப்பு 'டி' பிரிவின் கதவு டக்கென்று சாத்தப்படும், உள்ளே தாழ்ப்பாள் விழும். அதற்குப் பிறகு கல்வி மந்திரியே வந்தாலும் வராண்டாவில்தான் நிற்க வேண்டும். நான் பக்கத்து வகுப்பில் வரலாறு எடுப்பவள். ஒரு சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த டக் கேட்கும், என் பிள்ளைகள் எல்லோரும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள்.

இதுவரைக்கும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற கூத்துதான். மிச்சம் எங்கேயும் நடக்காது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்த டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வருவார். காலையில் வெளியே நின்றவர்களைச் சுற்றி உட்கார வைத்து, அவர்கள் தவறவிட்ட பாடத்தை முதலிலிருந்து நடத்துவார். டிபன் பாக்ஸ் மூடி திறக்காமல் மடியில் இருக்கும்.

"பசிக்குதா? எனக்கும்தான் பசிக்குது. நீ லேட்டா வந்தா தண்டனை ரெண்டு பேருக்கும்தான். நாளைக்கு எனக்குச் சோறு போடணும்னு நெனச்சா சீக்கிரம் வந்து சேரு" என்பார்.

ஒரு பெரிய மனுஷி தன்னால் பட்டினி கிடக்கிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளையால் தினம் தினம் லேட்டாக வர முடியும்? முட்டி போட வைத்தும் மைதானத்தைச் சுற்ற வைத்தும் நாங்கள் சாதிக்காததை அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சாதித்தார். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு, சொல்வதற்கென்ன.

'டி' பிரிவு என்பது மற்ற பிரிவுகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட பிள்ளைகள். ஆசிரியர் அறையில் அதற்குக் குப்பைத்தொட்டி என்று பெயர், நானும் சொல்லியிருக்கிறேன். அக்கா மட்டும் வருஷா வருஷம் எனக்கு 'டி' கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் தங்கையோடு இருந்தார். முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பாடா" போடுவார். சிரிப்பு வந்தால் பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார், தோள் மட்டும் குலுங்கும்.

அவருக்கு இன்னொரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நடக்கும் எதுவும் வீட்டுக்குப் போகாது. நாங்களெல்லாம் எடுத்ததற்கெல்லாம் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று விரட்டுகிறவர்கள். அவர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. சின்ன வயதில் அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு வாத்தியார் வீட்டுக்கு வந்து புகார் சொன்னாராம். அன்று சாயங்காலம் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து ஓடிய அண்ணன் அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையாம். "உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கறது நம்மோடவே இருக்கட்டும். வீட்டுக்குப் போகாது" என்று புது வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார். பிள்ளைகள் அவரிடம் வாயைத் திறந்து பேசியதற்கு அதுதான் காரணம்.

இனி ரேடியோ. அந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்றால் ஏன் வைத்தார்கள் என்று தெரிந்துவிடும். வெளியே தனியாக நிற்க வைத்தால் தூணோடு பேசுவாள். தாமதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அம்மா இல்லாத வீடு. அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, அவன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு இவள் ஓடி வருவதற்குள் தாழ்ப்பாள் விழுந்திருக்கும்.

இதைக் கேட்டதும் நானாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அக்கா விடவில்லை.

"தம்பியைக் கிளப்பணும்னா அரை மணி முன்னாடி எழுந்திரு. உனக்குன்னு கதவைத் தெறந்து வச்சா, உன்னால முடியாதுன்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும். ஆனா நீ எத்தனை நாள் லேட்டா வந்தாலும் அத்தனை நாளும் மத்தியானம் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். ஓடிற மாட்டேன்."

"டீச்சர், நீங்க இளைச்சுப் போயிடுவீங்க" என்றாள் ரேடியோ.

"நல்லதுதான். முட்டிக்குப் பாரம் குறையும்."

கொஞ்ச நாள் இப்படியே போனது. பிறகு ஒருநாள் மணி அடிப்பதற்கு முன்பே தலை கலைந்து, மூச்சு வாங்க, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.  அன்று மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை அவளிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் 'டி' பிரிவில் விரும்பியவர்களுக்கு அக்கா சாயங்காலம் ஆறு மணி வரை சொல்லிக்கொடுப்பார். ரேடியோ ஒருநாள்கூடத் தவறவில்லை. நானும் அக்காவும் ஒரே பஸ் என்பதால் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன்.

"டீச்சர், இந்த எக்ஸ் ஏன் எப்பப் பாத்தாலும் காணாமப் போயிடுது? அதுக்கு வீடு வாசலே கெடையாதா?" என்பாள் ரேடியோ. அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார், தோள் குலுங்கும். நன்றாக மார்க் எடுத்து மேலே கணக்கே எடுத்துப் படிக்க வேண்டும், அக்காவைப் போல டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. அது நடக்க முதலில் இந்தப் பரீட்சையை அவள் எழுத வேண்டும்.

பின்னால் எங்களுக்குத் தெரியவந்த ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்தோடு படிப்பு போதும் என்று அவளுடைய அப்பா முடிவு செய்திருந்தார். அவருடைய தங்கை ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தார். பெண் தினமும் சாயங்காலம் அங்கே போய்த் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும், பரீட்சையைப் பேருக்கு எழுதிவிட்டு முழு நேரமாக அங்கேயே போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அத்தைக்கு மருமகளின் ஆசை தெரியும். "நீ ஸ்கூல்லயே இருந்து படிடி. அண்ணன் கேட்டா இங்கதான் இருக்கான்னு நான் சொல்லிக்கறேன். நல்ல மார்க் வரட்டும், அப்புறம் அவர்கிட்ட நானே பேசறேன்" என்றிருக்கிறார். அப்பா நினைப்பில் மகள் பார்லரில் இருந்தாள். மகள் எங்களோடு இருந்தாள். இதை ரேடியோ அக்காவிடம் சொல்லி வைக்கவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அக்காவிடமிருந்து எதுவும் வீட்டுக்குப் போகாதே! அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

இந்த நேரம் பார்த்து எங்கள் பிரின்சிபால் ஒரு கருத்தரங்கம் வைத்தார். கோட்டு போட்ட ஒரு பயிற்சியாளர் வந்து சுவரில் படம் படமாகக் காட்டினார். மாணவர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்று பேச்சு. அவர் வகுப்பறையைக் கடைசியாகப் பார்த்தது மாணவனாக இருந்தபோதுதான் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியும். பெற்றோருக்குப் புகார் சொல்லத்தான் போன் செய்கிறோமாம், நல்ல செய்தி சொல்லவும் செய்ய வேண்டுமாம். ஒவ்வொரு ஆசிரியரும் வாரா வாரம் ஒரு வீட்டுக்காவது போன் செய்து பிள்ளையைப் பாராட்ட வேண்டுமாம். "அந்த ஒரு போன் ஒரு குழந்தையோட வாழ்க்கையையே மாத்திடும்" என்றார். கைதட்டினோம். அந்த வார்த்தை மட்டும் பலித்தது.

பிரின்சிபாலுக்கு ஒரு புது விஷயம் கிடைத்தால் போதும், பிடித்துக்கொண்டு ஆடுவார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூட்டத்தில் யார் யார் நல்ல செய்தி சொன்னீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார். நாங்கள் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டோம். நான் ஒரு பையனின் கையெழுத்தைப் பாராட்டி அவனுடைய அம்மாவிடம் பேசினேன். நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்றார் அந்த அம்மா. அக்கா மட்டும் ஒவ்வொரு வாரமும் "இல்ல சார்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரின்சிபால் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்ன டீச்சர், உங்க 'டி' செக்ஷன்ல வெளிய சொல்லிக்கற மாதிரி ஒரு பிள்ளைகூட இல்லையா?"

நாலு பேர் சிரித்தார்கள். அக்காவின் முகம் சுண்டிப்போனது. அவரை என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வார், அவருடைய பிள்ளைகளைச் சொன்னால் தாங்க மாட்டார். அன்றைக்கு அவர் கையில் மாதிரித் தேர்வுப் பேப்பர் கட்டு இருந்தது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் ரேடியோ. 'ஏ' பிரிவு மேதாவிகளெல்லாம் அவளுக்குப் பின்னால்.

ஆசிரியர் அறைக்கு வந்ததும், "நல்லதைத்தானே சொல்லப் போறேன்? இதுல என்ன வந்துடும்?" என்று என்னிடம் கேட்டார்.

"தாராளமா சொல்லுங்கக்கா. அந்த மனுஷன் காது குளிரக் கேக்கட்டும்" என்றேன்.

எண்ணைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். அக்கா குரலில் அப்படியொரு குழைவை நான் அதுவரை கேட்டதில்லை. "உங்க பொண்ணு கணக்குல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்திருக்காங்க. தினமும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என்கிட்டயே உக்காந்து படிக்கிறா. ஒருநாள்கூட லீவ் போட்டதில்ல. அவளை மேல படிக்க வைங்க, பெரிய ஆளா வருவா" என்றார்.

அந்தப் பக்கம் காரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். எத்தனை மணி வரைக்கும்னு சொன்னீங்க?"

"ஆறு. சில நாள் அதுக்கு மேலயும் ஆகும்."

"தினமுமா?"

"தினமும்தாங்க."

"பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்துதான் படிக்கிறாங்களா?"

"ஆமா, எல்லாரும் ஒண்ணாத்தான்."

"ரொம்ப நன்றிங்க டீச்சர். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

போனை வைத்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு தன்மையாப் பேசறாரு! நான்தான் இத்தனை வருஷமா வீட்டாளுங்கன்னாலே பயந்துட்டு இருந்திருக்கேன்" என்றார் அக்கா. பஸ்ஸில் வழியெல்லாம் அதே பேச்சு. இனி மாதம் ஒரு வீட்டுக்காவது பேசப் போவதாகச் சொன்னார். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

திங்கட்கிழமை முதல் பெஞ்சு காலி. அடுத்த நாளும் காலி. ஜுரமாக இருக்கும் என்றார் அக்கா. புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண்மணி விடுவிடுவென்று ஆசிரியர் அறைக்குள் வந்தார். "இங்க கணக்கு டீச்சர் யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அழ ஆரம்பித்துவிட்டார். அவர்தான் அந்த அத்தை. அவர் சொல்லித்தான் மேலே சொன்ன ஏற்பாடெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணன் இவரோடு பேச்சை வெட்டிவிட்டாராம். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாராம். பரீட்சையும் கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

"குடியைக் கெடுத்துட்டீங்களே டீச்சர்! இன்னும் மூணு வாரம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்றார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. அக்கா "அப்பாடா" போடாமல் ஏறினார். சின்ன ஹால், ஒரு சோபா, சுவரில் போக்குவரத்துக் குறிகள் அச்சடித்த பெரிய தாள். அப்பா எங்களை மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார். கத்துவார், சண்டை போடுவார், நாமும் நாலு கேட்கலாம் என்று போனேன். அந்த மனுஷன் குரலே உயர்த்தவில்லை. சமையலறை வாசலில் ரேடியோ நின்றாள். எங்களைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், நான் தெரியாம சொல்லிட்டேன். தப்பு என்மேல. அவளைப் பரீட்சை மட்டும் எழுத விடுங்க" என்றார் அக்கா.

"நீங்க என்ன தப்புப் பண்ணீங்க டீச்சர்? உண்மையைச் சொன்னீங்க. இந்த வீட்டுல எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

"அவ படிக்கத்தானே பொய் சொன்னா? ஊர் சுத்தவா போனா?"

"எதுக்குச் சொன்னாலும் பொய் பொய்தானே? லேட்டா வர்றதுக்கு என்ன காரணம் சொன்னாலும் நீங்க கதவைத் தெறக்க மாட்டீங்களாமே. இவளே சொல்லியிருக்கா, பெருமையா. நல்ல டீச்சர்னு நானும் நெனச்சேன்."

 நான் விடுவேனா? "மத்தியானம் சாப்பிடாம உக்காந்து சொல்லிக்குடுக்கறதையும் சொன்னாளா சார்? கதவைச் சாத்தினா மட்டும் போதாது, அப்புறம் வெளிய வந்து கூட உக்காரணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானும் கத்துக்குடுக்கிறவன்தாங்க. எங்க கார்ல கத்துக்கிறவங்க காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கும், என் காலுக்குக் கீழ ஒண்ணு இருக்கும். வண்டி எங்க போகுதுன்னே தெரியாம நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். இப்பத் தெரிஞ்சுது, மிதிச்சுட்டேன். அவ்வளவுதான்."

அக்கா எழுந்து நின்று, தன்னைவிட வயதில் சின்னவரான அந்த மனிதரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.  அவரும் எழுந்து பதிலுக்குக் கும்பிட்டு, வாசல் வரை வந்து, படியில் விளக்கில்லை பார்த்துப் போங்க என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கீழே போய்ச் சேரும்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். 

பிரின்சிபாலிடம் போனோம். நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள், ஆள் அனுப்புங்கள் என்று கெஞ்சினோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டு விஷயத்துல நாம தலையிட முடியாது டீச்சர்" என்றார். வெள்ளிக்கு வெள்ளி வீட்டுக்குப் போன் போடு போன் போடு என்று உயிரை வாங்கிய அதே வாய்! அங்கேயே அப்படியே கேட்டேன். மேலதிகாரியிடம் பேசுகிற முறையா இது என்றார். முறையாம், முறை.

பரீட்சை நாளில் அக்கா வாசல் கேட்டிலேயே நின்றார். எல்லோரும் உள்ளே போனார்கள். மணி அடித்த பிறகும் நின்றார். காவலாளி கேட்டைச் சாத்தப் போனபோது, இன்னும் ஒரு நிமிஷம் என்று கேட்டார். அவனும் பாவம், அந்த ஒரு நிமிஷத்துக்கு மேலேயே கொடுத்தான். அப்புறம் அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் பின்னால் நகர்ந்தார், கேட் மூடியது. ஒவ்வொரு பரீட்சைக்கும் இப்படியே நின்றார், கணக்குப் பரீட்சைக்கும் நின்றார். யாரும் வரவில்லை.

'டி' பிரிவில் எழுதிய அத்தனை பேரும் பாஸ். பிரின்சிபால் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார். எழுதாத பெண் அவர் கணக்கிலேயே வரவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகு ஒருநாள் ரேடியோ டி.சி. வாங்க வந்தாள். அப்பாவின் டிரைவிங் ஸ்கூலிலேயே முன்மேஜையில் உட்கார்ந்து போன் எடுக்கிறாளாம். புதுச் சட்டை, படிய வாரிய தலை. எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அந்த வணக்கத்தையே என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பரீட்சையைத் தனியாக் கூட எழுதலாம்டி. நான் வந்து சொல்லித் தரேன். உங்கப்பாவுக்குத் தெரியவே வேணாம், நீ வெளிய வர்ற நேரத்துல எங்கயாவது..."

"வேணாம் டீச்சர்."

"என்மேல கோவமா?"

"இல்ல டீச்சர்" என்றாள். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள். "நீங்க அப்பாவுக்குப் போன் பண்ணி நான் மக்குன்னு சொல்லியிருக்கலாம் டீச்சர். கணக்குல முட்டை, உருப்பட மாட்டான்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. பரீட்சைதானே, எழுதித் தொலைக்கட்டும்னு விட்டிருப்பாரு."

டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அக்கா அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். நான் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அரை நாள் லீவு போட்டுப் பார்த்ததில்லை.

இப்போதும் அவர் 'டி' பிரிவுதான். கதவு சாத்துகிறார், மத்தியானம் வராண்டாவில் உட்காருகிறார், எதிலும் குறை வைப்பதில்லை. சாயங்கால வகுப்பை மட்டும் நிறுத்திவிட்டார். பிரின்சிபால் கேட்டதற்கு முழங்கால் என்று சொன்னார்.

போன மாதம் பேப்பர் கொடுத்த நாளில் ஒரு சின்னப் பெண், எண்ணெய் வழிகிற நெற்றியோடு, ஆசிரியர் அறைக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள். 'டி' பிரிவுதான். கணக்கில் முதல் மார்க். பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாயெல்லாம் பல்லாக அக்கா முன்னால் நின்றாள்.

அக்கா பேப்பரைப் பார்த்தார். அதை வாங்கி நாலாக மடித்து அந்தப் பெண்ணின் கையிலேயே வைத்து மூடினார்.

"நல்லா எழுதியிருக்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே போய்விட்டது. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள் போல. "இல்ல டீச்சர், சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போனாள்.